பொட்டு வைக்காமல் சுற்றிய ஆரத்தி

போன சட்டமன்றத் தேர்தல் சமயத்தில் எங்கள் தெருவில் நடந்த சங்கதி இது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பருத்திக் காட்டு வேலையெல்லாம் முடிந்து, வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வீட்டோடு கிடந்த நேரம். அப்போதுதான் இந்தப் பக்கம் ஒரு ஜீப், அந்தப் பக்கம் ஒரு ஜீப் என்று ஓட்டுக் கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் ஊருக்கு அப்போது இருந்த ஒரே கவலை பஸ். காலையில் பெரம்பலூர் டவுன் பஸ் ஒன்று ஊருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. ஊர் எல்லையில் ஓடைக்கு மேல் ஒரு சின்னப் பாலம் உண்டு. சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் லாரிகள் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு அந்தப் பாலத்தின் மேலேயே போய்ப் போய், ஒருநாள் நடுவில் விரிசல் விட்டு ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டையில் யாரோ முள்ளுக் கிளையைச் செருகி, அதில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்த மராமத்து. பாலம் தாங்காது என்று பஸ்ஸை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டார்கள். லாரிக்காரர்கள் மட்டும் ஓட்டைக்கு ஓரமாக ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்களுக்கு பஸ்ஸே இல்லை.

என் மகள் அப்போது பெரம்பலூரில் காலேஜில் இரண்டாம் வருடம். எங்கள் தெருவிலிருந்து இன்னும் சில பெண் பிள்ளைகளும் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ் நின்றதும் மெயின் ரோட்டுக் கைகாட்டி வரைக்கும் நடை. லாரி போகிற புழுதியில் நடந்து போய்ச் சேர்ந்தால் பஸ் போயிருக்கும். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் முதல் வகுப்பு போயிருக்கும். ஒருநாள் பின்னால் வந்த லாரிக்கு ஒதுங்கப் போய் ஒரு பிள்ளை ஓடைக்குள்ளேயே சறுக்கி விழுந்து கையில் கட்டோடு வந்தாள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஜூன்ல காலேஜ் தொறக்குறதுக்குள்ள பஸ் வந்துச்சுன்னா போகட்டும். வரலன்னா படிச்சது போதும். கைய கால ஒடச்சிக்கிட்டு ஒண்ணும் படிக்க வேணாம்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்துவிட்டார். ஆனால் இந்த மாதிரி வீட்டில் நிற்கிற பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தை மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். என் மகள் நிற்கக் கூடாது என்று எனக்கு வீம்பு. பஸ் டெப்போவுக்குப் போய்க் கேட்டோம், பாலத்தைச் சரிசெய்யுங்கள், பஸ் விடுகிறோம் என்றார்கள். பாலத்தை யார் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டால் ஒவ்வொரு ஆபீஸும் பக்கத்து ஆபீஸைக் கை காட்டியது. சரி, தேர்தல்தான் வருகிறதே, ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடமே கேட்போம் என்று காத்திருந்தேன்.

முதலில் ஒரு கட்சியின் வேட்பாளர் வந்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வேட்பாளர் தெருவுக்குள் நுழைந்தால் பெண்கள் தட்டில் ஆரத்தி கரைத்து, வெற்றிலை மேல் சூடம் கொளுத்திச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து அனுப்ப வேண்டும். எந்தக் கட்சி என்று பார்ப்பதில்லை. வாசலுக்கு வந்தவர் நெற்றி வெறுமையாகப் போகக் கூடாது, அவ்வளவுதான். எங்கள் தெருவுக்கு அந்தப் பொறுப்பு எனக்கும் என் ஓரகத்திக்கும். ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. என்னைவிடச் சின்னவள், என்னைவிட வாய் நீளம்.

நான் பொட்டு வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டேன்.

"ஓடப் பாலம் ஒடஞ்சு கெடக்குதுங்க. பஸ் வரமாட்டேங்குது. பொம்பளப் புள்ளைங்க காலேஜுக்குப் போவ முடியல. பாலத்த எப்பங்க கட்டுவீங்க?"

அவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ரயிலைப் பற்றிப் பேசினார். பெரம்பலூருக்கு ரயில் கொண்டுவந்தே தீருவாராம். அரியலூர் ஸ்டேஷனுக்கு ஓடுகிற நிலைமையை மாற்றுவாராம். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்தே பெரம்பலூருக்கு ரயில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் கிளம்பும், ஓட்டு எண்ணி முடித்ததும் எங்கேயோ நின்றுவிடும். நான் பாலத்தைக் கேட்டேன், இவர் தண்டவாளத்தைக் கொடுக்கிறார். மறுபடியும் கேட்க வாயைத் திறப்பதற்குள் ஜீப் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மனுஷன் முடியாது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆரத்தித் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டுத் தட்டைக் கழுவும்போது ஓரகத்தியிடம் புலம்பினேன்.

"ஒரு வார்த்த பதில் சொல்லலடி. பொட்ட வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு."

அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "பொட்டு வச்சா போவத்தான்க்கா செய்வாங்க. வைக்காம இருந்தா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் என் மகள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். சுற்றிக்கொண்டிருக்கிற ஆரத்தியைத் தள்ளிக்கொண்டு யாரும் போக மாட்டார்கள். சாதாரண நாளிலேயே அது ஆகாது என்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் போவாரா? நெற்றியில் பொட்டு ஏறுகிற வரைக்கும் அவர் எங்கள் ஆள். அந்த அரை நிமிஷத்தை நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம்.

அந்த வாரக் கடைசியில் எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தார். தப்பு மேளம் அடிக்கிறார்கள், வெடி போடுகிறார்கள், ஜீப்புக்கு முன்னால் பையன்கள் ஆடுகிறார்கள். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்தபடி அவர் எங்கள் வாசலில் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். கழுத்து நிறையத் துண்டும் மாலையும், முகம் முழுக்க வேர்வை. தட்டில் பணம் எதுவும் போடக் கூடாது என்று அவருடைய கட்சிக் கிளைச் செயலாளரிடம் நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். அந்தச் செயலாளர் எங்களுக்குப் பங்காளி முறை. என்னை அண்ணி என்பார். காசு விழுந்துவிட்டால் அதற்கப்புறம் கேள்வி கேட்க வாய் வராது என்பது என் கணக்கு. எதற்காகச் சொல்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை, மரியாதைக்குச் சொல்கிறேன் போல என்று நினைத்துக்கொண்டார்.

ஓரகத்தி தட்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள். வேட்பாளர் தலையைக் குனிந்து நெற்றியைக் காட்டினார். நான் குங்குமச் சிமிழைக் கையில் மூடி வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, ஓடப் பாலத்த எந்த ஆபீஸு கட்டணும்? நீங்க ஜெயிச்சா எப்ப கட்டுவீங்க?"

"நான் உங்க வூட்டுப் புள்ள தாயி. எங்கிட்ட கேக்கணுமா? எல்லாம் நடக்கும்" என்று கும்பிட்டார்.

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.

"எல்லாம் வேணாம்ண்ணே. இது ஒண்ணு மட்டும் எப்பன்னு சொல்லுங்க."

உடனே அவர் பெண் கல்வியின் பெருமையைப் பேசினார். பெண்கள் படித்தால் வீடு உயரும், வீடு உயர்ந்தால் நாடு உயரும் என்று அழகாகத்தான் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பேசி முடித்து மறுபடியும் நெற்றியைக் காட்டினார். சூடம் அணையப் போகிற நேரம். ஓரகத்தி இடுப்பில் செருகியிருந்த சூடப் பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு கட்டியை எடுத்து வைத்தாள். அது பக்கென்று பிடித்துக்கொண்டது. புகை நேராக அவர் மூஞ்சிக்குப் போனது.

அப்போதுதான் கூட்டத்துக்கு விஷயம் புரிந்தது. தப்பு அடிக்கிறவர் முதலில் சிரித்தார், அடி நின்றுவிட்டது. பெண்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். பையன்கள் போனை எடுத்துவிட்டார்கள். கிளைச் செயலாளர் ஓடி வந்தார்.

"அண்ணி, அடுத்த ஊர்ல ஜனம் காத்துக்கிட்டு நிக்குது. பொட்ட வச்சு அனுப்புங்கண்ணி."

"நான் எங்கப்பா வேணாங்கறேன்? அவரு பதில் சொல்லட்டும், வச்சுடறேன்."

"அப்பறமா பேசிக்கலாம், தட்ட எறக்கச் சொல்லுங்க."

"பாதில எறக்குனா ஆகாதுங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றாள் ஓரகத்தி. கை மட்டும் நிற்கவில்லை. பழக்கப்பட்ட கை அது. தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வேட்பாளர் என்னைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் நினைத்தேன். என் வீட்டுக்காரர் கூட்டத்தில் பின்னால் நின்றுகொண்டு, போதும் விடு என்று கண்ணாலேயே சைகை காட்டினார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். என் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்புக்காகத்தான் இது என்று அவளுக்குத் தெரியும். அவள் கண்ணுக்கு எதிரே நான் சிமிழைத் திறந்துவிட்டால் அப்புறம் எனக்கு என்ன மரியாதை?

அவர் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொண்டு, என்னிடம் மட்டும் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"தாயி, எந்தப் பாலம்னே எனக்குத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பிள்ளைகள் தினமும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற பாலம், ஓட்டுக் கேட்க வந்தவருக்கு எது என்றே தெரியவில்லை. ஆனால் அடுத்த நொடியே மனதில் ஒரு நிம்மதி. இவ்வளவு நாளில் யாரும் எனக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"அத மைக்ல சொல்லுங்கண்ணே. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க. தப்பில்ல."

ஒரு மூச்சு விட்டார். ஒலிபெருக்கியைத் தூக்கினார். "அம்மா கேக்குற பாலம் எதுன்னு எனக்குத் தெரியலங்க. வந்து பாக்குறேன், காட்டுங்க" என்றார். அப்போது தட்டிய கைதட்டல் பெண் கல்விக்குத் தட்டியதைவிடப் பலம்.

தெரு முனை திரும்பினால் ஓடை. ஊரே பின்னால் நடந்தது. ஓரகத்தி தட்டோடு வந்தாள். சூடம் அணையாமல் முந்தானையால் காற்றை மறைத்துப் பிடித்துக்கொண்டாள். வேட்பாளர் பாலத்தில் குனிந்து, முள்ளுக் கிளையை விலக்கி ஓட்டைக்குள் பார்த்தார். கீழே ஓடை தெரிந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பின்னால் வந்த காரிலிருந்து, முன்பு ஒன்றிய கவுன்சிலராக இருந்த அவருடைய கட்சிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்.

"இது யாரு ரோடுய்யா?"

"ஒன்றியத்து ரோடுண்ணே. எஸ்டிமேட்டெல்லாம் போன வருஷமே போட்டாச்சு. லாரி போறதுனால பாலத்த அகலமாக் கட்டணும், பணம் பத்தாதுன்னு அப்படியே நிக்குது."

"இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையேண்ணே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார், வேறு வழி? அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு எங்களுக்கு நேராக நின்று பேசினார். அந்தப் பேச்சில் தாய்மார்களும் இல்லை, தண்டவாளமும் இல்லை.

"தேர்தல் முடிஞ்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் யாரும் புதுசா வேல ஆரம்பிக்க முடியாதும்மா. அதுக்கப்பறம் டெண்டர் விட்டு வேல ஆரம்பிச்சா, மழைக்கு முன்னாடி முடிக்கலாம். ஜூனுக்குள்ள முடியும்னு சொன்னா அது பொய்யி. இன்னொண்ணு. லாரி இதே வழில ஓடுனா எந்தப் பாலம் கட்டினாலும் நிக்காது. லாரிய மெயின் ரோட்டோட சுத்திப் போவச் சொல்லணும். நான் ஜெயிச்சா அதத்தான் செய்வேன். இதச் சொன்னா லாரிக்காரங்க எனக்கு ஓட்டுப் போட மாட்டாங்க."

எங்கள் ஊரில் முக்கால்வாசி வீட்டில் யாராவது ஒருவர் லாரியில்தான் பிழைக்கிறார்கள். ஏன் இவர்கள் எதையும் விவரமாகப் பேசாமல் நழுவுகிறார்கள் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. விவரமாகச் சொன்னால் யாருக்காவது வலிக்கும். எல்லாம் நடக்கும் என்று சொன்னால் யாருக்கும் வலிக்காது.

எல்லோரும் ஓரகத்தியைப் பார்த்தார்கள். ஏனென்றால் என் கொழுந்தனார் ஓட்டுவது சுண்ணாம்புக்கல் லாரி.

அவள் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"எங்க வூட்டுக்காரரும் லாரிதாங்க ஓட்டுறாரு. சுத்தித்தான் போவட்டுமே, என்னா இப்ப? நம்ம புள்ளைங்க தானே?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, பொட்ட வைங்க. கை வலிக்குது" என்றாள்.

நான் சிமிழைத் திறந்து, நெற்றி நிறைய வைத்தேன். வேர்வையில் அது மூக்கு வரைக்கும் வழிந்தது. அவர் துடைக்காமலேயே ஜீப்பில் ஏறிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே யோசனை. பெருமையாகச் சண்டை போட்டு வாங்கிய பதில், ஜூனுக்குள் முடியாது என்பது. என் வீட்டுக்காரர் வைத்த கெடுவும் ஜூன்தான். நானே என் மகள் படிப்புக்கு வேட்டு வைத்துவிட்டேனோ என்று சோறு இறங்கவில்லை. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து உட்கார்ந்தார்.

"மழைக்கு முன்னாடின்னு சொன்னாருல்ல?" என்றார்.

"ஆமா. ஜூன்ல முடியாதாம்."

"எப்பத்தான் வரும்னு தெரியாம எத்தன நாளைக்குன்னு கொண்டுபோய் விடறது? அதுக்குத்தான் யோசிச்சேன். யாரு ஜெயிச்சாலும் கணக்கு இதான். மழை வரைக்கும்னா நாலஞ்சு மாசம். நானும் மத்தப் புள்ளைங்களோட அப்பாமாருங்களும் மொற வச்சு கைகாட்டி வரைக்கும் வண்டில விட்டுடறோம். பேசிட்டேன். காலேஜுக்குப் போவட்டும்."

உள்ளே என் மகள் ஏதோ பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. வேண்டுமென்றே போட்டாளா, சந்தோஷத்தில் கைநழுவிப் போட்டாளா தெரியாது. நான் திட்டவில்லை.

அந்த வேட்பாளர் தோற்றுப்போனார். லாரி விஷயம் பேசியதால் தோற்றாரா, வேறு காரணமா என்று எனக்குத் தெரியாது. ரயில் விட்டவர்தான் ஜெயித்தார். ஜெயித்த பிறகு நன்றி சொல்ல அதே ஜீப்பில் வந்தார். பையன்கள் போனில் எடுத்த எங்கள் படம் சுற்றுவட்டாரம் முழுக்கச் சுற்றியிருந்தது போலிருக்கிறது. நானும் ஓரகத்தியும் தட்டோடு எழுந்து நின்றதைப் பார்த்ததும், ஜீப் நிற்பதற்கு முன்னாலேயே ஒலிபெருக்கியில் ஆரம்பித்துவிட்டார்.

"ஓடப் பாலந்தானம்மா? ஒன்றியத்து ரோடு. டெண்டர் விடச் சொல்லியிருக்கேன். லாரி சுத்திப் போவணும்னு போர்டு வைக்கச் சொல்லியிருக்கேன். ஐப்பசிக்குள்ள பஸ் உள்ள வரும்."

ஓரகத்தி அவருக்கு மூன்றே சுற்றுத்தான் சுற்றினாள். நான் உடனே பொட்டு வைத்துவிட்டேன். ஐப்பசியில் வரவில்லை, கார்த்திகை ஆனது. இடையில் இரண்டு தடவை ஒன்றிய ஆபீஸுக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று இந்த முறை எங்களுக்குத் தெரிந்திருந்தது. புதுப் பாலத்தில் முதல் பஸ் ஏறி வந்தபோது டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். என் கொழுந்தனார் இப்போது மெயின் ரோட்டில் சுற்றித்தான் போகிறார். டீசல் வீணாகிறது என்று முனகிக்கொண்டேதான் போகிறார்.

தோற்ற அந்த மனிதர் போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். கொடி இல்லை, கூட்டம் இல்லை. பந்தியில் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "பஸ் உள்ள வருதா தாயி?" என்று கேட்டார். "பாப்பா அதுலதாங்க போயிட்டு வருது, கடைசி வருஷம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தன் நெற்றியைத் தடவிக் காட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தார்.

முடியாது என்கிற பதிலை வைத்துக்கொண்டுகூட ஒரு வீட்டில் ஒரு முடிவுக்கு வர முடிகிறது, எல்லாம் நடக்கும் என்பதை வைத்துக்கொண்டு ஒரு அடியும் எடுத்து வைக்க முடிவதில்லை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் அடுத்த தேர்தலுக்கு எந்தக் கட்சிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தாலும் ஆரத்தி கட்டாயம் உண்டு, சூடமும் வேண்டிய அளவுக்கு வாங்கி வைத்திருக்கிறோம், பொட்டு மட்டும் பதில் வந்த பிறகுதான்.